நடுப்புள்ளி ஏன் இருட்டு?

தத்துவமும் இயற்பியலும் ஒரே வீதியில் குடியிருந்த நகரம் இது. இன்று கல்லூரிகளில் அவை எதிரெதிர் வராண்டாக்களில் பிரிந்து கிடக்கின்றன. வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறி, அந்தப் பழைய உறவைத் தேடிப் போன ஒரு பயணம்.

பி.எஸ்சி. இயற்பியல் படித்தவர்கள் அந்த மேசையை மறந்திருக்க மாட்டார்கள். சோடியம் விளக்கை ஏற்றினால், சில நிமிடங்கள் கழித்துத்தான் முழு மஞ்சளுக்கு வரும். அதன் பக்கத்தில் ஒரு கண்ணாடித் தகடு, தகட்டின் மேல் ஒரு குவிலென்ஸ், மேலே மைக்ராஸ்கோப். கண்ணை வைத்துப் பார்த்தால் மஞ்சளும் கறுப்புமாக வட்டத்துக்குள் வட்டம். நியூட்டன் வளையங்கள். வளையங்களை எண்ணி, இடப்பக்க ரீடிங், வலப்பக்க ரீடிங் எடுத்து, அட்டவணை போட்டு, லென்ஸின் வளைவு ஆரத்தைக் கணக்கிட்டு, ரெக்கார்டு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும்.

முதன்முதலாக அதைப் பார்த்த அன்று எனக்கு வளையங்களை எண்ணத் தோன்றவில்லை. எல்லா வட்டங்களுக்கும் நடுவில், லென்ஸும் தகடும் தொட்டுக்கொள்ளும் இடத்தில், ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது. வெளிச்சம் அதன் மேலும்தான் விழுகிறது. வெளிச்சம் விழுகிற இடம் எப்படி இருட்டாக இருக்கும்? ஆசிரியரிடம் கேட்டேன். “வைவாவுல கேட்டா ‘ஃபேஸ் சேஞ்ச்’னு சொல்லு. இப்ப ரீடிங்கை எடு” என்றார். அவர் சொன்ன விடை சரியானதுதான். லேப் முடிய ஒரு மணி நேரமே இருந்தது, பாதிப் பேர் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. அவரால் அதற்கு மேல் என்ன செய்திருக்க முடியும்?

அந்த லேபுக்கு எதிர் வராண்டாவில் தத்துவ வகுப்பு நடந்துகொண்டிருந்தது. கண்ணால் கண்டது எது, கண்டதிலிருந்து நாமாகக் கருதியது எது என்று பிரித்துப் பார்க்கப் பயிற்சி பெற்றவர்கள் அங்கே இருந்தார்கள். நடுவில் ஐம்பது அடி தூரம். மூன்று ஆண்டுகளில் ஒரு நாள்கூட நான் அந்த ஐம்பது அடியைக் கடக்கவில்லை. கடக்கலாம் என்று யாரும் சொல்லவும் இல்லை.

ஆண்டுதோறும் மே மாதம் பிளஸ் டூ முடிவு வந்ததும் வேளச்சேரியின் ஜெராக்ஸ் கடைகளிலும் பிரவுசிங் சென்டர்களிலும் கூட்டம் கூடும். மதிப்பெண் சான்றிதழும் சாதிச் சான்றிதழுமாகப் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். பி.காம்., கணினி அறிவியல், பி.சி.ஏ. என்று விண்ணப்பம் நிரம்பும். பட்டியலின் கீழே போகப் போக இயற்பியல் வரும். இன்னும் கீழே, பல கல்லூரிகளில் இல்லவே இல்லாத ஒரு பெயராகத் தத்துவம் வரும். அந்த இரண்டு பெயர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

வேளச்சேரி: மூன்று பக்கமும் கல்லூரி

வேளச்சேரி என்றதும் ஃபீனிக்ஸ் மாலும் விஜயநகர் மேம்பாலமும் மழைக்காலத்து வெள்ளமும்தான் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வரும். உள்ளூர்க்காரர்களுக்கு இது மாணவர்களின் ஊர். வேளச்சேரி மெயின் ரோட்டில் குருநானக் கல்லூரி 1971 முதல் இயங்குகிறது. மனிதர்களைப் பிரிக்கும் சுவர்களைக் கேள்வி கேட்ட ஒரு சிந்தனையாளரின் பெயர் அந்த நுழைவாயிலில் இருக்கிறது. கொஞ்ச தூரத்தில் ஐ.ஐ.டி.யின் வேளச்சேரி கேட். கிண்டிக் காட்டைத் தாண்டினால் சர்தார் படேல் சாலையில் அண்ணா பல்கலைக்கழகமும், சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகமும்.

அந்தக் கிண்டி வளாகத்தில் ஒரு பெயரைச் சொல்லியே ஆக வேண்டும். ஜி.என்.ராமச்சந்திரன். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் ஹானர்ஸ் படித்தவர். 1952-ல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தபோது அவருக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. நம் தோலிலும் எலும்பிலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதம் மூன்று இழைகள் முறுக்கிய கயிறுபோல இருக்கிறது என்று கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து கண்டுபிடித்தது இங்கேதான். 1963-ல் வெளியான ‘ராமச்சந்திரன் வரைபடம்’ இல்லாமல் இன்று உலகில் எங்கும் புரத அமைப்பைக் கற்பிக்க முடியாது.

பாடப்புத்தகம் பெரும்பாலும் அதோடு நிறுத்திக்கொள்ளும். ஆனால் பின்னாளில், பெங்களூரில் இருந்தபோது, ராமச்சந்திரன் தர்க்கவியலுக்குள் இறங்கினார். ஒரு கூற்றை ‘உண்டு’, ‘இல்லை’ என்ற இரண்டே சொற்களில் அடக்க முடியாது, ஒவ்வொன்றும் ஒரு பார்வையிலிருந்து மட்டுமே உண்மை என்று சொல்லும் சமணரின் ஸ்யாத்வாதத்தை எடுத்துக்கொண்டு, அதை அணிக் கணிதத்தில் எழுதிப் பார்த்தார். அந்த முறைக்கு அவர் இட்ட பெயரே ‘ஸ்யாத் நியாயம்’. எக்ஸ்ரேயும் படிகமுமாக வாழ்ந்த ஒரு இயற்பியலாளர் கடைசியில் தத்துவத்தின் வாசலில் போய் நின்றார். அவர் வழி தவறிப் போனதாக நான் நினைக்கவில்லை. அவர் கேட்ட கேள்விகளே அவரை அங்கே கொண்டுபோய் விட்டன.

பி.ஏ. இயற்பியல்!

வேளச்சேரியிலிருந்து கடற்கரை வரை பறக்கும் ரயில் ஓடுகிறது. 2007 நவம்பரில் வேளச்சேரி வரை நீண்ட தடம் அது. தரமணி, திருமயிலை, கலங்கரை விளக்கம், சேப்பாக்கம் என்று அது நிற்கும் இடங்கள் நம் கதையில் வரும். ஏறுவதற்கு முன் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம்.

இயற்பியலுக்கு ஐரோப்பாவில் நெடுங்காலம் வழங்கிய பெயர் ‘இயற்கைத் தத்துவம்’. 1687-ல் நியூட்டன் எழுதிய பெரும் நூலின் தலைப்பிலேயே அந்தச் சொல் இருக்கிறது. இன்றும் வேதியியலில் ஆராய்ச்சி செய்தாலும் கணினியில் செய்தாலும் கிடைக்கும் பி.எச்டி. பட்டத்தின் விரிவு ‘தத்துவ முனைவர்’ என்பதுதான்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் பழைய ஏடுகளில் இது இன்னும் அழகாகத் தெரியும். 1857-ல் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகத்தில் தத்துவப் பாடத்துக்குப் பழைய பெயர் ‘மன, ஒழுக்க அறிவியல்’. ‘பௌதிக அறிவியல்’ அதன் பக்கத்துப் பிரிவு. இரண்டுமே பி.ஏ. பட்டத்துக்குள் அடங்கியவை. தத்துவத்தை அறிவியல் என்றார்கள், பௌதிகத்துக்குக் கலைப் பட்டம் கொடுத்தார்கள். சர் சி.வி.ராமன் மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்து 1904-ல் தங்கப் பதக்கத்தோடு வாங்கியது பி.ஏ. பட்டம். 1907-ல் வாங்கியது எம்.ஏ. நோபல் பரிசு வாங்கிய நம் முதல் இயற்பியலாளர் கலைப் பட்டதாரி!

நம் மொழியும் இந்த உறவை அறியும். ‘இயற்பியல்’ என்ற சொல் நிலைபெறுவதற்கு முன் நம் தாத்தாக்கள் படித்தது ‘பௌதிகம்’. நிலம், நீர், தீ, காற்று, வெளி என்னும் பூதங்களிலிருந்து வந்த சொல். மணிமேகலைக் காப்பியத்தில், வஞ்சி மாநகரில் மணிமேகலை சமயவாதிகள் ஒவ்வொருவரிடமும் போய் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். முதலில் பேசுபவர் அளவைவாதி. ஒன்றை அறிந்துகொள்ள எத்தனை வழிகள் உண்டு என்று காண்டல், கருதல், உவமம் எனத் தொடங்கிப் பத்து அளவைகளை அடுக்குகிறார். கடைசியாகப் பேசுபவர் பூதவாதி. பூதங்களின் சேர்க்கையில்தான் உணர்வே பிறக்கிறது என்பது அவர் கட்சி. அறியும் முறையில் தொடங்கிப் பொருளின் கூறுகளில் முடிகிற ஒரு முழுப் பாடத்திட்டத்தை அந்த ஒரே காதை வைத்திருக்கிறது. முதல் தாளும் கடைசித் தாளும் ஒரே மாணவிக்கு.

தரமணி: வீட்டு மாடியில் பிறந்த நிறுவனம்

ரயில் பெருங்குடியைக் கடந்து தரமணியில் நிற்கிறது. ஐ.டி. கட்டடங்களுக்கு நடுவே சி.ஐ.டி. வளாகத்தில் அமைதியாக இருக்கிறது கணித அறிவியல் நிறுவனம். பழைய ஆட்களுக்கு ‘மேட்சயின்ஸ்’. கோட்பாட்டு இயற்பியலுக்கும் கணிதத்துக்கும் நாட்டின் முதன்மையான இடங்களில் ஒன்று.

இது பிறந்த கதை மயிலாப்பூரில் தொடங்குகிறது. அரசியல் சட்ட வரைவுக் குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் மகன் அல்லாடி ராமகிருஷ்ணன், சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆசிரியர். அன்றைய புது இயற்பியலைக் கற்பிக்கத் தனி இடம் இல்லாததால், லஸ் பகுதியில் இருந்த தன் குடும்ப வீடான ‘ஏகாம்ர நிவாஸ’த்திலேயே மாணவர்களைக் கூட்டி வகுப்பு நடத்தினார். வெளிநாட்டு விஞ்ஞானிகள் சென்னைக்கு வந்தால் அந்த வீட்டுக்கு அழைத்துவருவார். 1960 ஜனவரியில் அங்கே வந்தவர் நீல்ஸ் போர்.

அணுவின் அமைப்பை விளக்கியவர் என்று போரைப் பள்ளிப் புத்தகம் சொல்லும். அவருடைய வாழ்நாள் போராட்டம் ஒரு தத்துவக் கேள்வியோடு. நியூட்டன் வளையங்களைப் பார்க்கும்போது ஒளி அலையாக நடந்துகொள்கிறது. ஒளிமின் விளைவில் அதே ஒளி துகளாக நடந்துகொள்கிறது. எது உண்மை? இரண்டு படங்களும் ஒன்றையொன்று விலக்குகின்றன, ஆனாலும் முழுமைக்கு இரண்டும் வேண்டும் என்றார் போர். நாம் எப்படிக் கேட்கிறோம் என்பதைச் சொல்லாமல் விடையைச் சொல்ல முடியாது என்பது அவர் நிலை. ஸ்யாத்வாதத்தைப் படித்த ஒரு தத்துவ மாணவர் அன்று அந்த மயிலாப்பூர் வீட்டில் இருந்திருந்தால் அவருக்கு எத்தனை கேள்விகள் எழுந்திருக்கும்!

அந்த மாணவர் கூட்டத்தைப் போர் மனமாரப் பாராட்டினார். செய்தி பிரதமர் நேரு வரை போனது. அன்றைய மாநில அமைச்சர் சி.சுப்பிரமணியம் துணை நின்றார். 1962 ஜனவரி 3-ம் தேதி மாநிலக் கல்லூரியில் நிறுவனம் தொடங்கப்பட்டது. தொடங்கிவைத்தவர் அதே கல்லூரியின் பழைய மாணவர் எஸ்.சந்திரசேகர்.

கலங்கரை விளக்கம்: ஒரு சாலை, இரண்டு வீடுகள்

திருமயிலையைத் தாண்டி கலங்கரை விளக்கம் நிலையத்தில் இறங்கினால் டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலைக்கு நடந்தே போய்விடலாம். முன்பு அது எட்வர்ட் எலியட்ஸ் சாலை. இந்தச் சாலையில் ‘கிரிஜா’ என்ற வீட்டில் வாழ்ந்தவர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். இதே சாலையில் ‘சந்திர விலாஸ்’ என்ற வீட்டில் வளர்ந்தவர் சந்திரசேகர். ஒருவர் தத்துவம் படித்துக் குடியரசுத் தலைவர் ஆனார். மற்றவர் இயற்பியல் படித்து 1983-ல் நோபல் பரிசு பெற்றார். நகரம் ஒரே சாலையில் இரண்டு துறைகளுக்கும் முகவரி கொடுத்திருந்தது.

இருவரும் பட்டப்படிப்புக்கு வந்த விதத்தை இன்றைய பெற்றோர்கள் கேட்க வேண்டும். ராதாகிருஷ்ணனுக்குத் தத்துவத்தின் மேல் முன்கூட்டியே காதல் எதுவும் இல்லை. வசதியில்லாத குடும்பம். படித்து முடித்த உறவினர் ஒருவர் தன் தத்துவப் புத்தகங்களைக் கொடுத்தார். புத்தகம் வாங்கும் செலவு மிச்சம் என்று அந்தப் பாடத்தில் சேர்ந்தார். சென்னைக் கிறித்துவக் கல்லூரி அப்போது தாம்பரத்துக்குப் போகவில்லை, பாரிமுனைப் பக்கம் இருந்தது. வேதாந்தத்தில் அறத்துக்கு இடமே இல்லை என்ற விமரிசனம் அந்த வகுப்புகளில் அவர் காதில் விழுந்தது. அதற்குப் பதில் தேடி, எம்.ஏ.வுக்கு வேதாந்தத்தின் அறவியல் பற்றியே ஆய்வேடு எழுதினார். 1908-ல் அது நூலாக வந்தபோது அவருக்கு இருபது வயது. கிறித்துவ இறையியலாளரான அவருடைய ஆசிரியர் ஏ.ஜி.ஹாக், தன் நம்பிக்கைக்கு எதிர்த் திசையில் எழுதிய அந்த மாணவரை மனம்திறந்து பாராட்டினார். வகுப்பறை என்றால் அதுதான் வகுப்பறை.

சந்திரசேகருக்குக் கணிதத்தின் மேல் ஆசை. அப்பாவுக்கு மகன் ஐ.சி.எஸ். ஆக வேண்டும் என்று ஆசை. இரண்டுக்கும் நடுவில் பொதுவாக ஒத்துக்கொண்ட பாடம் இயற்பியல் ஹானர்ஸ். 1928-ல் ஜெர்மானிய இயற்பியலாளர் சோமர்ஃபெல்ட் மாநிலக் கல்லூரிக்கு வந்தார். அவருடைய புத்தகத்தைக் கரைத்துக் குடித்திருந்த அந்தப் பதினெட்டு வயது மாணவர் அவர் தங்கிய ஓட்டலுக்கே போய்ப் பார்த்தார். நீ படித்த இயற்பியல் பழசாகிவிட்டது என்று சோமர்ஃபெல்ட் சொல்லிவிட்டார். சொன்னதோடு நிற்காமல், இன்னும் அச்சாகாத தன் கட்டுரையின் மெய்ப்புத் தாள்களைக் கொடுத்து அனுப்பினார். அடுத்த ஆண்டே சந்திரசேகரின் கட்டுரை லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வந்தது. 1930-ல் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறியவர், நட்சத்திரங்களின் முடிவைப் பற்றிய கணக்கைப் பயணத்திலேயே போட்டார். சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு நிறை என்பது வெண்குள்ளனாக அடங்கும் நட்சத்திரத்துக்கு எல்லை. அதை மீறினால் அது வெண்குள்ளனாக நிற்க முடியாது.

அந்த முடிவை 1935-ல் வானியலாளர் எடிங்டன் பொது மேடையில் மறுத்தார். கணக்கில் எடிங்டன் பிழை காட்டவில்லை. இயற்கை அப்படி நடந்துகொள்ளாது என்ற நம்பிக்கையிலிருந்து மறுத்தார். ஒரு விஞ்ஞானி எதை ஆதாரமாக ஏற்கிறார், எதை ஏற்க மறுக்கிறார் என்ற கேள்வி அங்கே வந்துவிடுகிறது. தத்துவ வகுப்பில் இதற்கு அறிவாராய்ச்சியியல் என்று பெயர். இயற்பியல் வகுப்பில் 1.4 என்ற எண் மட்டும் தேர்வுக்கு வருகிறது.

சேப்பாக்கம்: ஸ்பெக்ட்ரோமீட்டர் மேசையில் ஒரு பையன்

சேப்பாக்கத்தில் இறங்கிக் கடற்கரைப் பக்கம் நடந்தால் சென்னைப் பல்கலைக்கழகம், அதே சாலையில் இன்னும் தெற்கே மாநிலக் கல்லூரி. பல்கலைக்கழகத்தின் தத்துவத் துறை 1927-ல் தொடங்கியது. எஸ்.எஸ்.சூரியநாராயண சாஸ்திரி, டி.எம்.பி.மகாதேவன் ஆகியோர் வளர்த்த துறை. தத்துவம் கடலைப் பார்த்து இங்கே இருக்க, இயற்பியல் துறைகள் கிண்டிக்குப் போய்விட்டன. ஒரே பல்கலைக்கழகத்துக்குள் இரண்டுக்கும் இடையில் அரை நகரம்.

மாநிலக் கல்லூரியில்தான், பதினாறு பதினேழு வயதில், ராமன் ஸ்பெக்ட்ரோமீட்டரில் முப்பட்டகத்தின் கோணத்தை அளந்துகொண்டிருந்தார். இன்றும் ஒவ்வொரு பி.எஸ்சி. மாணவரும் செய்கிற அதே பரிசோதனை. ஒளி சாய்வாக விழுந்தபோது, முப்பட்டகத்தின் முகத்தில் பட்டுத் திரும்பிய வெளிச்சத்தில் சில பட்டைகள் தெரிந்தன. அவை இரண்டு பக்கமும் சமமாக இல்லை. கேட்ட ரீடிங்குக்கும் அந்தப் பட்டைகளுக்கும் சம்பந்தமே இல்லை. ராமன் அங்கேயே நின்றுவிட்டார். அளந்தார், காரணம் தேடினார், எழுதினார். 1906 நவம்பரில் லண்டன் இதழ் ஒன்றில் அது வெளியானது. அவருக்கு அப்போதுதான் பதினெட்டு வயது. அந்த இயற்பியல் இதழின் பெயர் ‘ஃபிலசாஃபிகல் மேகசின்’!

ராமன் 1907-ல் வேலைக்காகக் கல்கத்தா போனார். 1909-ல் ராதாகிருஷ்ணன் மாநிலக் கல்லூரிக்குத் தத்துவ ஆசிரியராக வந்தார். இரண்டு ஆண்டு இடைவெளியில் தவறிய சந்திப்பு கல்கத்தாவில் கூடியது. 1921-ல் அங்கே ராதாகிருஷ்ணன் ஏற்ற பேராசிரியர் இருக்கையின் பெயரும் ‘மன, ஒழுக்க அறிவியல்’தான். அப்போது அதே பல்கலைக்கழகத்தில் ராமன் இயற்பியல் பேராசிரியர். 1954-ல் முதன்முதலாகப் பாரத ரத்னா வழங்கப்பட்டபோது பெற்றவர்கள் மூவர்: ராஜாஜி, ராதாகிருஷ்ணன், ராமன். நாட்டின் மிக உயர்ந்த விருதின் முதல் பட்டியலில் சென்னையில் படித்த ஒரு தத்துவ மாணவரும் ஒரு இயற்பியல் மாணவரும் அடுத்தடுத்து நின்றார்கள்.

ஒரே வளையம், இரண்டு விளக்கம்

இப்போது என் கறுப்புப் புள்ளிக்கு வருகிறேன்.

அந்த வளையங்களை நியூட்டன் நுணுக்கமாக அளந்து 1704-ல் வெளியிட்ட நூலில் எழுதினார். ஒளி துகள்களால் ஆனது என்ற பக்கம் சாய்ந்தவர் அவர். துகளுக்கு ஒரு கணம் எளிதில் திரும்பும் இயல்பும் மறுகணம் எளிதில் ஊடுருவும் இயல்பும் மாறி மாறி வருகின்றன என்று வளையங்களுக்கு விளக்கம் சொன்னார். ஏறக்குறைய நூறு ஆண்டுகள் கழித்து தாமஸ் யங் அதே அளவுகளை எடுத்துக்கொண்டு, ஒளி அலை என்று சொன்னார். லென்ஸின் அடிப்பக்கத்தில் பட்டுத் திரும்பும் அலையும், கீழே தகட்டில் பட்டுத் திரும்பும் அலையும் சேர்கின்றன. அடர்ந்த கண்ணாடியில் பட்டுத் திரும்பும்போது அலை தலைகீழாகப் புரள்கிறது. நடுவில் இடைவெளியே இல்லாததால் ஒரு அலையின் மேடு மற்றதன் பள்ளத்தில் சரியாக விழுந்து இரண்டும் அழிகின்றன. அதனால் இருட்டு.

கண்ட காட்சி ஒன்று. அளந்த எண்களும் அதே எண்கள். விளக்கம் மட்டும் எதிரெதிர். வளையங்களுக்கு இன்றும் நியூட்டன் பெயர், விளக்கமோ அவர் ஏற்காத பக்கத்திலிருந்து வந்தது. பார்த்ததே போதும் என்றால் நியூட்டனோடு கதை முடிந்திருக்க வேண்டும். காட்சியிலிருந்து கருத்துக்குப் போகும் பாலம் எங்கே உறுதியாக இருக்கிறது, எங்கே ஆடுகிறது என்று பார்க்கத் தெரிந்ததால்தான் அடுத்த நூற்றாண்டு பிறந்தது.

அந்தப் பாலத்தைச் சோதிக்கும் கருவிகள் தமிழில் எப்போதோ இருந்தன. காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்குக் கற்பிக்கும் பாடம், பக்கம், ஏது, திட்டாந்தம் என்று நியாயத்தின் உறுப்புகளைப் பிரிக்கிறது. மலையில் நெருப்பு உண்டு, புகை தெரிவதால், அடுக்களையில் கண்டதுபோல என்பது அந்தக் கல்வியின் பழகிய எடுத்துக்காட்டு. எந்தெந்த இடத்தில் ஏது பிழையாகும் என்ற நீண்ட பட்டியலும் அங்கேயே இருக்கிறது. மெய்கண்டாரின் சிவஞானபோதம் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்றே நடக்கிறது. அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரில் பிறர் கட்சியைப் பரபக்கம் என்று முழுமையாக எடுத்துச் சொல்லி மறுத்துவிட்டுத்தான், தன் கட்சியைச் சுபக்கத்தில் நிறுவுகிறார். எதிராளியின் வாதத்தை அவரைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாதவருக்கு மறுக்கும் தகுதி இல்லை என்ற நாகரிகம் அது. இயற்பியல் ரெக்கார்டு நோட்டில் நோக்கம், கருவிகள், வாய்பாடு, அட்டவணை, முடிவு என்று எழுதுகிறோமே, அது இந்த மரபுக்கு அந்நியம் இல்லை. உறவினர்கள்தான். அறிமுகப்படுத்தி வைக்கத்தான் ஆளில்லை.

“படிச்சா என்ன வேலை கிடைக்கும்?”

இந்தக் கேள்வியைக் கேட்கும் பெற்றோரைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. வாடகையும் மருத்துவச் செலவும் கணக்குப் போட்டு வாழும் வீட்டில் அது நியாயமான கேள்வி. நேர்மையான பதிலைச் சொல்கிறேன். பி.ஏ. தத்துவமோ பி.எஸ்சி. இயற்பியலோ முடித்த கையோடு பெரிய சம்பளம் தரும் படிப்புகள் இல்லை. இரண்டும் அடுத்த படிக்கு ஏற்றிவிடும் படிப்புகள். அந்த அடுத்த படியைப் பற்றி யாரும் சொல்லாததால்தான் பிள்ளைகள் நடுவில் நின்றுவிடுகிறார்கள்.

இயற்பியல் பட்டதாரி ‘ஜாம்’ தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. சேரலாம். வேளச்சேரி கேட் வழியாக, பி.டெக். மாணவர்கள் போகும் அதே வளாகத்துக்கு. ‘ஜெஸ்ட்’ தேர்வு தரமணிக் கணித அறிவியல் நிறுவனம் போன்ற இடங்களின் ஆராய்ச்சிக் கதவைத் திறக்கும். கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. பி.எட். முடித்தால் பள்ளி ஆசிரியர் பணி. தத்துவப் பட்டதாரிக்குக் குடிமைப் பணித் தேர்வில் தத்துவமே விருப்பப் பாடம். அத்தேர்வின் பொதுத்தாள்களில் ஒன்று முழுக்க அறவியல். ‘நெட்’ எழுதிக் கல்லூரி ஆசிரியர் ஆகலாம். 2021 முதல் ‘கேட்’ தேர்விலும் தத்துவத்துக்கு இடம் உண்டு.

வேலைக் கணக்கு இதோடு முடிகிறது. இன்னொரு கணக்கும் இருக்கிறது. செயற்கை நுண்ணறிவு ஒரு விடையைத் தட்டித் தருகிறது. அந்த விடைக்கு ஏது என்ன, எடுத்துக்காட்டு பொருந்துகிறதா என்று கேட்கத் தெரிந்தவர் யார்? ஒரு மருந்து, ஒரு அணுவுலை, ஒரு வெள்ள எச்சரிக்கை என்று எதை எடுத்தாலும், எண்ணைப் படிக்கத் தெரிந்தவரும் எண்ணின் பொருளை விசாரிக்கத் தெரிந்தவரும் ஒரே ஆளாக இருந்தால் நாடு பிழைக்கும். வெள்ளத்தைப் பலமுறை பார்த்த வேளச்சேரிக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஏற்கெனவே திறந்திருக்கும் ஒரு சின்னக் கதவு

இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் ‘இயற்பியலும் தத்துவமும்’ என்றே நான்கு ஆண்டுப் பட்டம் தருகிறது. நாம் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. நம் பாடத்திட்டத்துக்குள்ளேயே வழி இருக்கிறது.

தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளில் மூன்று ஆண்டு, ஆறு செமஸ்டர், 140 கிரெடிட். பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம், பகுதி மூன்று முதன்மைப் பாடமும் அலைடும். பகுதி நான்கில் முதலாண்டு மாணவருக்கு ‘நான்-மேஜர் எலெக்டிவ்’ என்று ஒரு பாடம் வருகிறது. செமஸ்டருக்கு இரண்டே கிரெடிட். தன் துறைக்கு வெளியே ஒன்றைப் படிக்க வேண்டும் என்பதற்காகவே வைத்த பாடம். ‘என்.எம்.இ. தானே, பாஸ் பண்ணினால் போதும்’ என்று மாணவர்கள் தாண்டிப் போகும் அந்த மணி நேரம்தான் நான் சொல்லும் கதவு.

தத்துவத் துறை உள்ள கல்லூரி, அந்த நேரத்தில் இயற்பியல் மாணவர்களுக்கு அளவையியல் கற்பிக்கட்டும். காட்சிக்கும் கருதலுக்கும் உள்ள வேறுபாடு, ஏதுவின் பிழைகள், நேற்றுவரை நடந்தது நாளையும் நடக்கும் என்று எதை வைத்து நம்புகிறோம் என்று ஹியூம் எழுப்பிய கேள்வி. அந்த ஹியூமைப் படித்தது தனக்கு உதவியது என்று ஐன்ஸ்டைனே சொல்லியிருக்கிறார். பதிலுக்கு இயற்பியல் துறை, தத்துவ மாணவர்களை லேபுக்குள் அழைக்கட்டும். தனி ஊசல், ஸ்பெக்ட்ரோமீட்டர், நியூட்டன் வளையம் என்று மூன்றே பரிசோதனைகள். அளவு என்பது எவ்வளவு உழைப்பில் கிடைக்கிறது, எத்தனை பிழைகளைத் தாண்டி வருகிறது என்று கை அறிய வேண்டும். கையறியாத தத்துவம் சீக்கிரம் வெறும் சொல்லாகிவிடும்.

இதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம். புதுப் பணியிடம்கூட வேண்டாம். இரண்டு துறைத் தலைவர்கள் கால அட்டவணையை ஒரு மேசையில் விரித்து உட்கார்ந்தால் போதும். தத்துவத் துறையே இல்லாத கல்லூரிகள்தாம் அதிகம். அவற்றுக்குப் பல்கலைக்கழகம் வாரம் ஒருநாள் ஆசிரியரை அனுப்பலாம். சேப்பாக்கத்துக்கும் வேளச்சேரிக்கும் நடுவே ரயில் ஓடுகிறது.

> கவனத்துக்கு...
>
> பி.எஸ்சி. இயற்பியலுக்கு பிளஸ் டூ-வில் இயற்பியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும். பி.ஏ. தத்துவத்துக்குப் பொதுவாக எந்தப் பிரிவில் பிளஸ் டூ முடித்தவரும் விண்ணப்பிக்கலாம். தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரி, மயிலாப்பூர் விவேகானந்தா கல்லூரி ஆகியவற்றில் தத்துவத் துறைகள் உள்ளன. கணிதத்தோடு இயற்பியலையும் ஆழமாகப் படிக்க விரும்புவோருக்குச் சிறுசேரி சென்னை கணிதவியல் நிறுவனத்தில் பி.எஸ்சி. ஹானர்ஸ் உண்டு, நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அரசுப் பள்ளிகளில் 6 முதல் 12-ம் வகுப்பு வரை படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் உதவி கிடைக்கிறது. சேரும்போதே கல்லூரி அலுவலகத்தில் கேட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

திரும்பும் ரயில்

மாலையில் சேப்பாக்கத்திலிருந்து திரும்பும் ரயிலில் கல்லூரிப் பிள்ளைகள் நிறைய ஏறுகிறார்கள். மடியில் ரெக்கார்டு நோட்டை விரித்து, முடிக்காத வரைபடத்தை ஓடும் ரயிலிலேயே போடுகிற ஒருவராவது எப்போதும் இருப்பார். அப்படி ஒரு நோட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு ஆசை.

அந்த நோட்டில் ‘முடிவு’ என்ற தலைப்புக்குக் கீழே இன்னும் ஒரே ஒரு வரி சேர்க்க வேண்டும். ‘ஐயம்’ என்று அதற்குப் பெயர் வைக்கலாம். இந்தப் பரிசோதனையில் எனக்கு விளங்காதது என்ன என்று மாணவர் அந்த வரியில் எழுத வேண்டும். அந்த வரி காலியாக இருந்தால் கையெழுத்துக் கிடையாது. ஆசிரியர் உடனே விடை சொல்ல வேண்டும் என்பதில்லை. எதிர் வராண்டாவைக் காட்டினால் போதும்.

அப்படி ஒரு வரி அன்று இருந்திருந்தால் நான் எழுதியிருப்பேன்: ‘நடுப்புள்ளி ஏன் இருட்டு?’ எழுதிக்கொண்டு அந்த ஐம்பது அடியைக் கடந்திருப்பேன்.